உடல்நலக் கைப்பட்டை: எந்த எண்ணை நம்பலாம், எதை அணைத்து வைக்கலாம்

மணிக்கட்டில் அணியும் உடல்நலக் கைப்பட்டை ஒன்றையும் அதனுடன் இணைந்து இயங்கும் கைபேசிச் செயலியையும் நீண்ட காலம் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் திரையின் ஒளிர்வையும் பட்டையின் நிறத்தையும் சொல்லிவிட்டு முடிந்துவிடுகின்றன. புதுமை தீர்ந்து, கையில் இருப்பதே மறந்துபோன பிறகும் அது நம்மை எழுந்து நடக்க வைக்கிறதா என்பதுதான் இத்தகைய கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி; அதற்குச் சில வாரப் பழக்கத்தில் விடை கிடைக்காது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. அசைவை அளக்கும் முடுக்கமானி, துடிப்பை அளக்கும் பச்சை ஒளி உணரி, ப்ளூடூத் இணைப்பு, இலக்குகளும் பதக்கங்களும் நிறைந்த செயலி என்ற இதே அமைப்பில்தான் இன்று விற்பனையாகும் பெரும்பாலான கைப்பட்டைகளும் ஸ்மார்ட் வாட்சுகளும் இருக்கின்றன என்பதால், நான் சொல்லும் நிறைகுறைகள் ஏறத்தாழ அவை அனைத்துக்கும் பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வாங்கத்தக்க கருவிதான். ஆனால் அது காட்டும் எண்களில் மூன்றை மட்டும் நம்பி, மற்றவற்றில் பெரும்பகுதியை அணைத்து வைப்பவருக்கே அது முழுப் பயன் தரும். காலடி எண்ணிக்கை, நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தால் வரும் நினைவூட்டல், ஓய்வுநிலை இதயத் துடிப்பின் வாராந்திரப் போக்கு ஆகியவையே அந்த மூன்று. இவை மூன்றும் நம்மை நம்முடைய கடந்த மாதத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றன, அதோடு அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கும் இடம் தருகின்றன. கலோரிக் கணக்கும் தூக்க மதிப்பெண்ணும் அப்படிப்பட்டவை அல்ல.

காலடிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பட்டைக்குள் இருக்கும் முடுக்கமானி, மூன்று அச்சுகளிலும் கையின் அசைவை ஒவ்வொரு நொடியும் பலமுறை அளக்கிறது. நடக்கும்போது கை ஒரே சீரில் முன்னும் பின்னும் வீசப்படுவதால் எழும் அலைவடிவத்தைக் கண்டு, அதை அடிகளாக மாற்றிக் காட்டுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் கருவி எங்கே தவறும் என்பதும் விளங்கிவிடும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறும்போதும், தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதும் கை அசையாததால் அடிகள் விடுபடுகின்றன. கையை வீசிப் பேசினாலோ, குலுங்கும் வண்டியில் சென்றாலோ நடக்காத அடிகள் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. மிக மெதுவாக நடப்பவர்களுக்கு எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். ஊன்றுகோலின் துணையுடன் நடக்கும் என் தாயார் இதே வகைக் கருவியை அணிகிறார். கோலைப் பிடிக்கும் கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றியபோது கணக்கு கண்கூடாகத் திருந்தியது. செயலியில் எந்தக் கையில் அணிந்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. அதைச் சரியாக வைப்பது அவசியம்.

இத்தகைய பிழைகள் இருந்தும் காலடி எண்ணிக்கையை நம்பலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், பிழை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதுதான். ஒருவருடைய வேலையும் நடையும் பழக்கமும் திடீரென மாறுவதில்லை. ஆகவே கருவி சிறிது கூட்டியோ குறைத்தோ எண்ணினாலும், சென்ற மாதத்தைவிட இந்த மாதம் நாம் அதிகம் நடந்தோமா என்பதை அது சரியாகவே சொல்லும். 2007-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அடி எண்ணும் கருவியைப் பயன்படுத்தியவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,500 அடிகள் கூடுதலாக நடந்தார்கள் என்று கண்டது. அந்த முன்னேற்றத்துக்கு மிக முக்கியமான காரணியாக அமைந்தது, ஓர் இலக்கை வைத்துக்கொண்டதே. 2022-இல் லான்செட் குழுமத்தின் மின்னணு உடல்நல ஆய்விதழ், அதுவரை வந்த 39 தொகுப்பாய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் நாளுக்கு ஏறத்தாழ 1,800 அடிகள் என்ற அளவில் பலன் தெரிந்தது. எடையில் ஏற்பட்ட குறைவு ஏறத்தாழ ஒரு கிலோ மட்டுமே. ஒரு சிறிய கருவி ஒருவரைத் தினமும் கால்மணி நேரத்துக்கும் மேலாகக் கூடுதலாக நடக்கவைக்கிறது என்றால், அதை நான் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

ஆனால் எந்த இலக்கு? கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செயலியோடு இணைத்தவுடன், யாருடைய வயதையும் உடல்நிலையையும் பொருட்படுத்தாமல், 10,000 அடிகள் என்ற இலக்கு தானாகவே வந்து அமர்ந்துவிடுகிறது. இந்த எண் எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டான 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியோடு சேர்ந்து அது பரவியது. நினைவில் நிற்கும் முழு எண் என்பதால் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. பின்னாளில் வந்த ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. சராசரி வயது 72 ஆக இருந்த 16,741 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளைத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. 2022-இல் 47,471 பேரின் தரவுகளைத் தொகுத்த மற்றோர் ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 8,000 முதல் 10,000 அடிகளிலும் அந்தப் பலன் அதற்கு மேல் கூடாமல் நின்றுவிடுவதாகக் கண்டது.

இவற்றைப் படித்துவிட்டு மீண்டும் செயலியைப் பார்க்கும்போது அதன் மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டாகிறது. நாளொன்றுக்கு மூவாயிரம் அடிகள் நடக்கும் ஒரு முதியவர் தம் முயற்சியால் ஐயாயிரத்தை எட்டினால், அவருடைய உடலுக்கு அது மிகப் பெரிய நன்மை. செயலியோ அன்றிரவு பாதி நிரம்பிய வட்டத்தைக் காட்டி, இலக்கு எட்டப்படவில்லை என்று சொல்கிறது. மிக அதிகம் பலன் பெறக்கூடியவரையே மனம் தளரச் செய்யும் அமைப்பு இது. அமைப்புகளுக்குள் சென்று இலக்கை மாற்றிக்கொள்ள முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடம் நான்கு திரைகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. முதல் சில வாரங்களின் நடையைக் கண்டு அதற்கேற்ற இலக்கைத் தானே முன்மொழியும் வசதி வேறு சில கருவிகளில் உண்டு. நான் பயன்படுத்தியதில் அது இல்லை. வாங்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டிய வசதிகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

உட்கார்ந்திருப்பதை நினைவூட்டும் வசதியைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு மணி நேரத்தில் குறிப்பிட்ட அளவு அடிகள் பதிவாகாவிட்டால், மணி முடிவதற்குச் சில நிமிடங்கள் முன்பாகப் பட்டை மெல்ல அதிர்கிறது. ஒலி இல்லை, திரையில் நீண்ட அறிவுரையும் இல்லை. நாள் முழுவதும் மேசைக்கு முன் அமர்ந்து வேலை செய்பவருக்கு இந்த ஓர் அதிர்வு கருவியின் மற்ற எல்லா வசதிகளையும்விட மதிப்புள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பதோடு, உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றும், எவ்வளவு சிறிய அசைவும் பயனுடையதே என்றும் வலியுறுத்துகிறது. அந்த இரண்டாவது அறிவுரையைக் கடைப்பிடிக்க இதைவிட எளிய துணையை நான் கண்டதில்லை. கூட்டங்களில் இருக்கும்போதும் உறங்கும்போதும் அதிராதபடி நேரத்தை வரையறுத்துக்கொள்ளலாம்.

இதயத் துடிப்பு அளவீட்டுக்கு வருகிறேன். பட்டையின் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் நிறையும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, வடியும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் உணரி எண்ணுகிறது. அசையாமல் இருக்கும்போது இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கருவிகளின் துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. ஓடும்போதும் எடை தூக்கும்போதும் நிலைமை வேறு. பட்டை தளர்ந்திருந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். குளிரில் தோலின் இரத்த ஓட்டம் குறைந்தால் உணரிக்குக் கிடைக்கும் குறிப்பு மங்கும். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியைத் தடுக்கும். ஓட்டத்தில் கால் பதியும் தாளத்தையே இதயத்தின் தாளமாக உணரி எடுத்துக்கொள்வதும் உண்டு. திரையில் துடிப்பு திடீரென 170-க்கு மேல் தாவி அங்கேயே அசையாமல் நின்றால், பெரும்பாலும் அது நிமிடத்துக்கு எத்தனை அடிகள் வைக்கிறோம் என்ற எண்ணாகவே இருக்கும். கருவியை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றி, சற்று இறுக்கமாக அணிந்தால் இத்தொல்லை குறையும். பயிற்சியின்போது துல்லியம் வேண்டுபவர்கள், மின்வாய்களின் வழியாக இதயத்தின் மின்குறிப்பை நேரடியாகப் பெறும் மார்புப் பட்டையைத்தான் நாட வேண்டும்.

அந்தந்த நொடியின் துடிப்பைவிட, ஓய்வுநிலைத் துடிப்பின் வரைபடமே எனக்குப் பெரிதும் உதவியது. வழக்கமாக ஓரிரு எண்களுக்குள் நிற்கும் அந்தக் கோடு, சரியாக உறங்காத இரவுகளுக்குப் பின்னும், காய்ச்சல் தொடங்குவதற்கு முன்னும் தெளிவாக மேலேறியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒழுங்காக நடைப்பயிற்சி செய்த மாதங்களில் அது மெல்லக் கீழிறங்கியது. உடலின் தேர்ச்சி வளர்வதைக் கண்ணால் காண்பதற்கு இது நல்ல வழி. ஆனால் பயிற்சியின் கடுமைக்கேற்பத் துடிப்பு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று செயலி வகுத்துத் தரும் துடிப்பு மண்டலங்களை அப்படியே ஏற்கக் கூடாது. அவை 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரத்தின் மீது அமைந்தவை. ஒரே வயதுடைய இருவரின் உச்சத் துடிப்பே வெகுவாக வேறுபடலாம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மருந்து உட்கொள்பவர்களின் துடிப்பு மருந்தாலேயே கட்டுப்பட்டிருப்பதால், செயலி சொல்லும் மண்டலத்தை எட்ட வேண்டும் என்று அவர்கள் முயல்வது ஆபத்தாக முடியக்கூடும். இந்த விவரத்தைச் செயலி தொடக்கத்திலேயே கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். என் செயலி எடையையும் உயரத்தையும் கேட்டதே தவிர, மருந்துகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

கலோரிக் கணக்கு இந்தக் கருவியின் மிகப் பலவீனமான பகுதி. மேலே சொன்ன அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், எரிக்கப்பட்ட ஆற்றலைக் கணிப்பதில் ஏழு கருவிகளில் ஒன்றும் தேறவில்லை. மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது. மிக மோசமானதன் பிழை 93 சதவீதம். காரணம் எளிது. உடல் செலவழிக்கும் ஆற்றலை மணிக்கட்டிலிருந்து அளக்க வழியே இல்லை. அசைவையும் துடிப்பையும் வயதையும் எடையையும் வைத்து ஒரு சமன்பாட்டின் மூலம் ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான். இத்தனை பெரிய பிழையுள்ள ஓர் எண்ணைத் திரையின் நடுவில் பெரிய எழுத்தில், கடைசி இலக்கம் வரை காட்டுவது நேர்மையான வடிவமைப்பாக எனக்குத் தோன்றவில்லை. அதை நம்பி, இவ்வளவு எரித்துவிட்டோம், ஆகவே இவ்வளவு உண்ணலாம் என்று கணக்குப் போடுபவர் எடை குறையாமல் குழம்புவார். உணவு குறித்த மனக்கலக்கமோ அளவுக்கு மீறிய உடற்பயிற்சி நாட்டமோ உடையவர்களுக்கு இந்த எண் உண்மையிலேயே தீங்கு செய்யக்கூடும். அந்தப் பக்கத்தை முகப்பிலிருந்து நீக்கும் வசதி செயலியில் இருக்கிறது. முதல் நாளே நீக்கிவிடுவது நல்லது.

எடையைக் குறைப்பதற்காகவே இக்கருவியை வாங்க நினைப்பவர்கள் இன்னோர் ஆய்வையும் மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 471 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2016-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், இரு பிரிவினருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகள் தரப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் இடையில் அணிகருவியும் கொடுக்கப்பட்டது. முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள்; கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ மட்டுமே குறைந்திருந்தார்கள். இதைக் கொண்டு கருவி எடையைக் கூட்டுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உணவிலும் பழக்கத்திலும் செய்ய வேண்டிய மாற்றத்தை ஒரு பட்டை நமக்காகச் செய்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தூக்கக் கண்காணிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதன் பொருட்டே பலர் இரவிலும் பட்டையைக் கழற்றாமல் படுக்கிறார்கள். மருத்துவமனையின் உறக்க ஆய்வகத்தில் மூளையின் மின்னலைகள், விழியின் அசைவு, தாடைத் தசையின் இறுக்கம் ஆகியவற்றைக் கொண்டே உறக்கத்தின் நிலைகளைப் பிரிக்கிறார்கள். கைப்பட்டைக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. கை அசையாமல் இருப்பதையும் துடிப்பின் இடைவெளிகள் மாறுவதையும் கொண்டு அது ஊகிக்கிறது. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம், மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதை அது ஓரளவு சரியாகவே சொல்கிறது. விழித்தபடி அசையாமல் படுத்திருக்கும் நேரத்தையும் தூக்கமாகவே எண்ணிவிடுவது இந்தக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான குறை. தூக்கம் வராமல் தவிப்பவருக்கு, இரவெல்லாம் நன்றாக உறங்கினீர்கள் என்று காலையில் ஒரு கருவி சொல்வது எவ்வளவு வேதனையானது! ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம், கனவு உறக்கம் இத்தனை நிமிடம் என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டுவதோ இன்னும் நம்பகம் குறைந்தது.

இதனால் வரும் கேடு ஒன்றை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கருவி தரும் மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும் என்ற கவலையே தூக்கத்தைக் கெடுத்துவிடுவதையும், ஆய்வகச் சோதனை தூக்கம் நன்றாக இருக்கிறது என்று காட்டிய பிறகும் நோயாளிகள் கைப்பட்டையையே நம்புவதையும் அமெரிக்க உறக்க மருத்துவ வல்லுநர்கள் 2017-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விவரிக்கிறது. என்னுடைய பரிந்துரை, படுக்கைக்குச் செல்லும் நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள மட்டும் இந்தப் பகுதியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே. காலையில் கண் விழித்தவுடன் உடல் எப்படி இருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்கு முன்பே 62 என்ற மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டால், அந்த நாள் சோர்வோடுதான் தொடங்கும். ஆகவே காலை அறிவிப்பை அணைத்துவிடுங்கள்.

இரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் வசதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவிகளே கருந்தோல் உடையவர்களிடம் ஆபத்தான குறைவைத் தவறவிடுகின்றன என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மணிக்கட்டிலிருந்து எடுக்கும் அளவை அதைவிட மேலானதாகக் கருதக் காரணமில்லை. மூச்சுத்திணறல் இருந்தால் கருவி என்ன காட்டினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோலைத் துளைக்காமல் சர்க்கரையின் அளவைச் சொல்வதாக விளம்பரம் செய்யும் வாட்சுகளும் மோதிரங்களும் விற்பனையில் உள்ளன. அப்படி எந்தக் கருவிக்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. நீரிழிவு உள்ளவர்கள் இத்தகைய எண்ணை நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்தால் உயிருக்கே ஆபத்து.

ஒழுங்கற்ற இதயத் தாளத்தைக் கண்டறியும் வசதி நான் பயன்படுத்திய பட்டையில் இல்லை. உயர் வகை வாட்சுகளில் உண்டு. ஆப்பிள் வாட்சை வைத்து ஸ்டான்ஃபோர்டு நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில் கலந்துகொண்ட 4,19,297 பேரில் 0.52 சதவீதத்தினருக்கு மட்டுமே எச்சரிக்கை வந்தது. அவர்களில் மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினரிடம், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் மேலறைக் குறுநடுக்கம் உறுதியானது. பக்கவாத அபாயமுள்ள முதியவர்களுக்கு இந்த வசதி பொருளுடையது. எச்சரிக்கை வராததை நலமென்று எடுத்துக்கொள்ளலாகாது.

இனிச் செயலியின் ஊக்குவிப்பு முறைகள். பதக்கங்கள், தொடர்ச்சியாக இலக்கை எட்டிய நாள்களின் வரிசை, நண்பர்களின் தரவரிசை என்று மூன்று உத்திகளை அது கையாள்கிறது. முதல் சில வாரங்களில் இவை வேலை செய்கின்றன என்பதில் ஐயமில்லை. நாள்வரிசை அறுந்துவிடக் கூடாது என்பதற்காக இரவு உணவுக்குப் பின்னும் எழுந்து நடந்திருக்கிறேன், அது எனக்கு நன்மையே செய்தது. ஆனால் உடல்நலம் குன்றிய நாள்களிலும் அந்த வரிசை இரக்கமின்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு அன்று ஓய்வுதான் மருந்து என்பதைப் பதிவு செய்ய ஓர் இடம் வேண்டும். ஒரு நாள் தவறியதும் எல்லாம் பூச்சியத்துக்குத் திரும்பிவிட்டால், மறுநாள் மீண்டும் தொடங்குவதற்கு மனம் வராது. வெளிப் பரிசின் பலம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைச் சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. கருவியோடு பணப் பரிசும் பெற்றவர்கள் முதல் ஆறு மாதங்களில் கூடுதலாக நடந்தார்கள். பரிசு நின்ற பின் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. பணத்துக்கே இந்த நிலை என்றால், திரையில் மின்னும் பதக்கத்திடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்?

தரவரிசையை நான் அணைத்துவிட்டேன். ஒவ்வொருவரின் வேலையும் வயதும் வேறாக இருக்கையில், ஒருவரின் அடிகளை மற்றவரின் அடிகளோடு அடுக்கி வைப்பதில் நியாயம் இல்லை. மாறாக, குடும்பத்தில் இருவர் மட்டும் தங்கள் எண்ணிக்கையைப் பகிர்ந்துகொள்ளும் வசதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொலைவில் வசிக்கும் தாயார் இன்று வழக்கம்போல் நடந்தாரா என்று தெரிந்துகொள்வதும், நடக்காத நாளில் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்பதும் எந்தப் பதக்கத்தைவிடவும் இருவரையும் நடக்க வைத்தன. இதில் வயதானவரின் விருப்பமும் ஒப்புதலும் முதலில் வர வேண்டும். பிள்ளைகளின் நிம்மதிக்காகப் பெற்றோரைக் கண்காணிப்பில் வைப்பதற்கு இது கருவியாகிவிடக் கூடாது.

செயலியில் உள்ள இன்னொரு பெருங்குறை, தசைப் பயிற்சியை அது கண்டுகொள்ளாமல் விடுவது. வாரத்தில் இரண்டு நாள்களுக்குக் குறையாமல் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. முதுமையில் விழாமல் இருப்பதற்கு அது மிகவும் தேவை. ஆனால் ஒருவர் அரை மணி நேரம் எடை தூக்கினாலும், யோகாசனம் செய்தாலும், நீந்தினாலும், மிதிவண்டி ஓட்டினாலும் காலடிக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றும் சேர்வதில்லை. கையால் பதிவு செய்யும் வழி இருந்தும், அன்றைய வட்டம் அதனால் நிரம்புவதில்லை. அளக்க முடிந்ததை மட்டுமே உடலுழைப்பு என்று கருதும் பழக்கத்தை இது வளர்த்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

அணிவதற்குப் பட்டை இலகுவானது. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குகிறது. துடிப்பை இடைவிடாமல் அளக்கச் சொன்னால் அது வெகுவாகக் குறையும். வியர்வையும் சோப்பும் அடியில் தங்கினால் தோல் சிவந்து அரிக்கும். இத்தகைய கைப்பட்டைகளைத் தயாரிக்கும் ஃபிட்பிட் நிறுவனம் 2014-இல் தன்னுடைய ஒரு மாதிரியைத் தோல் ஒவ்வாமை காரணமாகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது என்பதை நினைத்தால், இது அற்பமான விஷயமன்று என்பது புரியும். தினமும் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி அணிவது போதுமானது. பேட்டரியை மாற்ற முடியாத அமைப்பு என்பதால் கருவியின் ஆயுள் பேட்டரியின் ஆயுளே.

தரவுப் பாதுகாப்பைப் பற்றி வாங்குபவர்கள் போதுமான அளவு கேட்பதில்லை. ஓட்டப் பாதைகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி, பயனர்கள் அதிகம் சென்ற வழிகள் ஒளிர்ந்து தெரியும்படி 2017-இல் வெளியிட்ட உலகளாவிய ‘வெப்ப வரைபடத்தில்’ படைவீரர்களின் ஓட்டப் பாதைகளே இராணுவத் தளங்களின் வடிவத்தைக் காட்டிக்கொடுத்தன என்பது 2018 ஜனவரியில் தெரியவந்தது. பெயர் நீக்கப்பட்ட தரவும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதே அந்த நிகழ்வு தந்த செய்தி. ஃபிட்பிட்டை கூகுள் வாங்கியபோது, ஐரோப்பியப் பயனர்களின் உடல்நலத் தரவைப் பத்து ஆண்டுகளுக்குத் தன் விளம்பரங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் தந்தது. நிறுவனம் கைமாறினால் நம் துடிப்பும் உறக்கமும் அதனோடு கைமாறும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். என் செயலியில் இடத்தைப் பகிர்தல், விளம்பரத்துக்கான ஒப்புதல் ஆகிய இரண்டும் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருந்தன. இரண்டையும் அணைத்த பின்னும் கருவியின் பயன் சிறிதும் குறையவில்லை. சேர்ந்த தரவைக் கோப்பாகப் பதிவிறக்கவும் முழுவதுமாக அழிக்கவும் வசதி இருப்பது பாராட்டத்தக்கது. சந்தா செலுத்தினால் கிடைக்கும் கூடுதல் அறிக்கைகளில், இலவசப் பகுதியில் இல்லாத பயனுள்ள செய்தி எதையும் நான் காணவில்லை.

ஏற்கெனவே ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவருக்கு இந்தக் கைப்பட்டை புதிதாக எதையும் தராது. பதற்றம் எளிதில் தொற்றிக்கொள்ளும் இயல்புடையவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாளின் பெரும்பகுதியை அமர்ந்தே கழிப்பவர்கள், நோய்க்குப் பின் மெல்ல நடையைத் தொடங்குபவர்கள், மருத்துவர் நடக்கச் சொல்லியும் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஆகியோருக்கு இது நல்ல துணை. வாங்கியவுடன் முதல் இரண்டு வாரங்களுக்கு எந்த இலக்கையும் பார்க்காமல் வழக்கம்போல் நடந்து, அந்நாள்களின் சராசரியைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்தச் சராசரியோடு ஐந்நூறோ ஆயிரமோ அடிகளைக் கூட்டி அதையே இலக்காக வையுங்கள். அது எளிதாகிவிட்டது என்று உடல் சொல்லும்போது மட்டும் மீண்டும் உயர்த்துங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, ஓய்வுநிலைத் துடிப்பின் மூன்று மாத வரைபடத்தைக் கைபேசியில் திறந்து அவரிடம் காட்டுங்கள்.